கைக்குழந்தையின் அசைவு கூறும் செய்தி

குழந்தை பிறந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. மூக்கு யாரைப் போன்றது, நிறம் யாரைக் கொண்டது என்பதெல்லாம் முதல் நாளிலேயே முடிவாகிவிடும். அதன்பின் முகம் பார்த்துச் சிரித்ததா, குப்புற விழுந்ததா, தவழ்ந்ததா, தளர்நடை பயின்றதா என்று மாதந்தோறும் ஒரு வினா எழும். குழந்தையின் வளர்ச்சியை அதன் அசைவு கொண்டு அளப்பது தமிழருக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை இதனையே தனக்கு இலக்கணமாக அமைத்துக் கொண்டிருக்கின்றது. மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை, இரண்டு மாதத்திற்கு ஒன்றாகப் பத்துப் பருவங்களைக் கூறும் மரபு உண்டு. செங்கீரைப் பருவத்தில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகின்றது. சப்பாணிப் பருவத்தில் அமர்ந்து கை கொட்டுகின்றது. வாரானைப் பருவத்தில் அடியெடுத்து நடந்து வருகின்றது.

இவை யாவும் குழந்தை செய்து முடித்த செயல்களைக் காட்டுவன. இச்செயல்களுக்கெல்லாம் முன்னர், மூன்று மாதக் குழந்தை பாயில் மல்லாந்து கிடந்து, ஒரு பொருளையும் பற்றாமல், ஓரிடத்துக்கும் நகராமல், கைகால்களை வெறுமனே அசைத்துக் கொண்டிருக்கின்றது. அந்த வெற்று அசைவுக்குப் பொருள் உண்டா? உண்டு என்பதே மருத்துவ அறிஞர் கண்ட முடிபு. பின்னாளில் கைகால்கள் இயல்பாக இயங்குமா என்பதை அந்த அசைவு முன்கூட்டியே பெரிதும் தெரிவித்துவிடுகின்றது. அது எவ்வாறு என்பதையும், தாய்நாட்டுக் கரையை விட்டு அந்தமான் தீவுகளில் வாழும் நமக்கு அதனால் ஆகும் பயன் யாது என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். வளரும் மூளைக்குக் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில நாட்களிலோ ஏற்படும் ஊறு காரணமாக உடலின் இயக்கமும் நிலையும் வாழ்நாள் முழுதும் பழுதுறுவதை மூளை முடக்குவாதம் என்கிறோம். 1862ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்றில், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் இதனைக் கடினமான பிரசவத்தோடும் குறைமாதப் பிறப்போடும் தொடர்புபடுத்தி விளக்கினார். நெடுங்காலம் இந்நோய்க்கு அவர் பெயரே வழங்கி வந்தது.

நோயைக் கண்டு பெயரிட்டாயிற்று; ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு அது உண்டா என்று தெரிந்துகொள்வது எளிதாக இருக்கவில்லை. உட்கார வேண்டிய மாதத்தில் உட்காரவில்லை, நடக்க வேண்டிய மாதத்தில் நடக்கவில்லை என்ற பின்னரே ஐயம் பிறக்கும். அப்போதும் வீட்டிலுள்ள பெரியோர், “இவன் தகப்பனும் தாமதித்துத்தான் நடந்தான்” என்று ஆறுதல் கூறுவர். மருத்துவர்களும் இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்பதுண்டு. இவ்வாறாக ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கழிந்துவிடும். மூளை மிக விரைவாக வளர்ந்து, ஒரு பகுதி பழுதுற்றால் வேறு வழி தேடிக்கொள்ளும் ஆற்றல் மிகுந்திருக்கும் காலமும் அதுவே. காத்திருப்பதனால் இழப்பது அந்தக் காலத்தைத்தான்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹைன்ஸ் பிரெக்டில். ஆஸ்திரியாவில் 1927இல் பிறந்த இவர், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் நரம்பு மண்டல வளர்ச்சியை ஆராய்ந்தார். கருப்பையினுள் இருக்கும் சிசுவை ஒலியலைக் கருவியால் காணும் வசதி வந்தபோது, தாம் பெற்ற வாய்ப்பை அவரும் அவர்தம் குழுவினரும் நன்கு பயன்படுத்திக் கொண்டனர். கரு உருவான சில வாரங்களிலேயே, தாய் அதனை உணர்வதற்கு நெடுநாள் முன்பே, சிசு அசையத் தொடங்கிவிடுகின்றது என்பதை அவர்கள் கண்டனர். வெளியிலிருந்து தொடுவாரும் தூண்டுவாரும் இல்லை. அசைவை மூளையும் தண்டுவடமும் தாமே பிறப்பிக்கின்றன. பிறந்த பின்னரும் அதே வகை அசைவு முதல் மாதங்களில் தொடர்கின்றது.

ஒரு கை மட்டும், ஒரு கால் மட்டும் என்றில்லாமல் கழுத்து, உடல், கைகால்கள் யாவும் பங்கு கொள்வதால் இவற்றைப் பொது அசைவுகள் என்று அழைத்தனர். நலமுள்ள குழந்தையின் பொது அசைவு மெல்லத் தொடங்கி, வலுத்து, மீண்டும் தணியும். எந்த உறுப்பு முதலில் அசையும், எது அடுத்து என்று சொல்ல இயலாது. நேற்றைய அசைவு இன்று அப்படியே திரும்ப வராது. இந்தப் பல்வகைமைதான் நலத்தின் அடையாளம். அசைவைப் பிறப்பிக்கும் அடிப்படை அமைப்பு மூளைத் தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ளது. அதற்கு நெளிவையும் வேறுபாட்டையும் தருபவை மேலிருந்து வரும் பெருமூளையின் நரம்புப் பாதைகள். அப்பாதைகள் பழுதுற்றால் அசைவு நின்றுவிடுவதில்லை. வேறுபாடு குன்றி, ஒரே மாதிரியாகிவிடுகின்றது. ஆகையால் குழந்தை எவ்வளவு அசைகின்றது என்று எண்ணிப் பயனில்லை. எவ்வாறு அசைகின்றது என்பதே நோக்கத்தக்கது.

இவ்வசைவுகள் இரு கட்டங்களாக வருகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் முதல் இரண்டு மாத அளவும் காணப்படுவது, உடலை முறுக்கி நெளிக்கும் அசைவு. பின்னர் அது மறைந்து, ஏறத்தாழ 9ஆம் வாரம் முதல் 20ஆம் வாரம் வரை வேறொரு வகை தோன்றுகின்றது. கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் சின்னஞ்சிறு அசைவுகள், எல்லாத் திசைகளிலும், விழித்திருக்கும் போதெல்லாம் இடையறாது ஓடிக் கொண்டிருக்கும். அழும்போதும் சிணுங்கும்போதும் மட்டும் அவை மறையும். அயல்மொழிச் சொற்களுக்குத் தமிழ் தேடுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே தேடும் வேலை இல்லை. “குழந்தை துறுதுறுவென்று இருக்கிறது” என்று நம் தாய்மார் வழிவழியாகக் கூறி வந்த சொல்லே இதற்கு ஏற்றது. இதனைத் துறுதுறுப்பு அசைவு என்றே வழங்குவோம்.

இந்தத் துறுதுறுப்பு எத்துணை நம்பத்தக்க அடையாளம் என்பதை 1997இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் பிரெக்டிலும் அவருடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டனர். அவர்கள் 130 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்தில் படம்பிடித்து, பின்னர் அவர்களின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்திருந்தனர். துறுதுறுப்பு இயல்பாக இருந்த 70 குழந்தைகளுள் 67 பேர் நரம்பு நலத்தோடு வளர்ந்தனர். துறுதுறுப்பு அறவே இல்லாத அல்லது பிறழ்ந்திருந்த 60 குழந்தைகளுள் 57 பேரிடம் பின்னர்க் குறைபாடு காணப்பட்டது. மூளையில் ஊசியோ கத்தியோ படவில்லை. விலைமிக்க கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பயிற்சி பெற்ற கண்கள் சில நிமிடம் பார்த்ததன் பயன் இது.

மற்றொரு பிறழ்ச்சியும் உண்டு. கைகால்களும் உடலும் ஒருங்கே விறைத்து, ஒருங்கே தளர்வது. நெளிவு இராது, மரப்பாவையின் கயிற்றை ஒரே சமயத்தில் இழுத்து விட்டது போல் இருக்கும். இது வாரக் கணக்கில் நீடிப்பின் கைகால் விறைப்பு வகையான முடக்குவாதம் வரக்கூடும் என்று மருத்துவர்கள் விழிப்படைவர்.

2017ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர் கூடி, நோயை விரைந்தறியும் நெறிகளை வகுத்து வெளியிட்டனர். ஐந்து மாதத்திற்கு உட்பட்ட குழந்தையிடம் மூன்று சோதனைகள் சிறந்தவை என்பது அவர்கள் கருத்து. ஒன்று, மேலே கூறிய அசைவு நோக்கல். இரண்டு, காந்த அதிர்வுப் படக்கருவியால் மூளையைப் படமெடுத்தல். மூன்று, இலண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவான, 26 கூறுகள் கொண்ட கைக்குழந்தை நரம்புச் சோதனை. ஓராண்டு, ஈராண்டு காத்திருந்து அறிந்ததை ஐந்து மாதத்திற்குள் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம் என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இங்கே எச்சரிக்கைகள் சில கூறுதல் வேண்டும். துறுதுறுப்பு இல்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு எந்தக் குழந்தைக்கும் நோய்ப் பெயர் சூட்டுதல் முறையன்று. பிற சோதனைகளும் ஒத்து வருதல் வேண்டும். துறுதுறுப்பு இருப்பதனால் எல்லாக் குறையும் நீங்கிற்று என்று கொள்வதும் பொருந்தாது. செவிக்குறை, பார்வைக்குறை, அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவற்றை வேறு வழிகளில் ஆராய வேண்டும். தாயோ பாட்டியோ வீட்டிலிருந்தே தீர்ப்புக் கூற முயலவும் வேண்டா. இது பயின்றவர் பார்க்க வேண்டிய பார்வை.

எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை தேவைப்படுவதில்லை. எட்டு மாதம் நிரம்பும் முன்னரோ, 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்தவை, பிறந்தவுடன் அழாதவை, முதல் நாட்களில் வலிப்புக் கண்டவை, மஞ்சள் காமாலை முற்றி இரத்தம் மாற்றப்பட்டவை, மூளைக்காய்ச்சலுக்கோ கடுமையான நோய்த்தொற்றுக்கோ ஆளானவை ஆகிய குழந்தைகளுக்கே இது இன்றியமையாதது. மருத்துவமனையில் சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் சில நாளேனும் வைக்கப்பட்ட குழந்தை என்றால், இதுபற்றி ஒரு முறை கேட்டுவிடுவது நன்று.

குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குத் துறுதுறுப்பு காண வேண்டிய காலம், பிறந்தநாளிலிருந்து எண்ணினால் 17ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரை. அதற்கு முன் பார்த்துவிட்டு, இல்லையே என்று கலங்குவது வீண் கலக்கம்.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களுள் வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ஊரோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்னும் வழக்கம் பலரிடம் இன்றும் உண்டு. ஏழாம் மாதத்தில் சீமந்தம் முடித்துப் பெண் கப்பலிலோ விமானத்திலோ தமிழ்நாடு செல்கின்றாள். பிரசவம் மதுரையிலோ இராமநாதபுரத்திலோ நடக்கின்றது. பின்னர் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒற்றைப்படை மாதம் பார்த்துக் குழந்தையோடு திரும்புகின்றாள்.

இந்த நல்ல வழக்கத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உள்ளது. துறுதுறுப்பு காணும் காலம் 9ஆம் வாரம் முதல் 20ஆம் வாரம் வரை என்றோம். தாயும் சேயும் ஊர் மாறும் காலமும் அதுவே. குழந்தை பிறந்த மருத்துவமனை, “அந்தமான் போய்விட்டார்கள்” என்று எண்ணும். தீவின் சுகாதார ஊழியருக்கோ அப்படி ஒரு குழந்தை பிறந்ததே பின்னர்தான் தெரியவரும். பிறப்பில் நேர்ந்த இடர்ப்பாடு எழுதப்பட்ட குறிப்பு அலமாரியில், அங்கே, தாய்வீட்டில் தங்கிவிடும். இரு கரைக்கும் நடுவே, பார்க்க வேண்டிய வாரங்கள் பார்ப்பாரின்றிக் கடந்துவிடும். இது அந்தமானுக்கு மட்டும் உரியதன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருந்தும். கடல் குறுக்கிடுவதால் இங்கே இடைவெளி சற்று அகலம், அவ்வளவே.

இடைவெளியை அடைக்கும் வழிகள் நம் கைக்கு எட்டியனவே. முதலாவது, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பும் தாய் சேய் நல அட்டையும். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, உடனே அழுததா, வலிப்பு வந்ததா, என்ன சிகிச்சை என்னும் செய்திகள் அவற்றில் இருத்தல் வேண்டும். நகைப்பெட்டியை எடுத்து வைக்கும் கவனத்தோடு இவற்றையும் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, தடுப்பூசி நாள். நம் நாட்டு அட்டவணைப்படி 6, 10, 14 ஆகிய வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்படுகின்றது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 14ஆம் வார ஊசி துறுதுறுப்புக் காலத்தின் நடுவே விழுகின்றது. அன்று தாய் எக்கரையில் இருந்தாலும், ஊசி போடுவதற்கு முன், “பிறந்தபோது இன்ன இடர் இருந்தது, அசைவைப் பார்க்க வேண்டுமா?” என்று மருத்துவரிடம் கேட்டுவிடலாம். குறைமாதக் குழந்தையாயின், திருத்திய வயதுப்படி எந்த வாரத்தில் வருவது என்று அன்றே நாள் குறித்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, 2013இல் மைய அரசு தொடங்கிய தேசியச் சிறார் சுகாதாரத் திட்டம். பிறப்பு முதல் 18 வயது வரை, பிறவிக் குறைகள், சத்துக்குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கையும் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்புவது அதன் நோக்கம். மேற்சிகிச்சைக்கென மாவட்டந்தோறும் மையம் அமைத்தல் அத்திட்டத்தின் ஒரு கூறு. நம் தீவுகளில் ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனையே மேற்சிகிச்சைக்குத் தலைமை இடம். கார் நிகோபாரிலும் மாயாபந்தரிலும் மாவட்ட அளவு மருத்துவமனைகள் உள்ளன. அருகிலுள்ள ஆஷா ஊழியரிடமோ அங்கன்வாடியிலோ குழந்தை வந்து சேர்ந்த செய்தியைத் தாமாகவே சென்று தெரிவித்தல் பெற்றோர் கடமை.

“வல்லுநர் சென்னையில் இருக்கிறார், நாம் காம்பல் விரிகுடாவில் இருக்கிறோம், என்ன செய்வது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைநகரிலிருந்து பெரிய நிகோபாருக்குச் செல்வதே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். இந்தச் சோதனையின் சிறப்பு இவ்விடத்தில்தான் விளங்குகின்றது. பார்க்கப்படுவது குழந்தையின் அசைவு. அதற்குச் சில நிமிடப் படம் போதும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மெல்போர்ன் ஆய்வாளர்கள், பெற்றோரே தம் வீட்டில் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பும் முறையைச் செய்து காட்டினர். நம் தீவுகளுக்கோ 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் இயங்கி வருகின்றது. ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகியவற்றையும் அது இணைக்கின்றது. குழந்தை கடல் கடக்க வேண்டியதில்லை. அதன் அசைவு கடல் கடந்து மருத்துவர் கண்முன் தோன்றலாம்.

படமெடுப்பதற்கு முறை உண்டு. குழந்தை பசியாறி, அழாமல், விழித்திருக்கும் வேளையாக இருத்தல் வேண்டும். கைகால் வெளியே தெரியும்படி மெல்லிய உடை உடுத்தி, பாயில் மல்லாத்திக் கிடத்த வேண்டும். கிலுகிலுப்பையும் சூப்பானும் கூடா. யாரும் கொஞ்சவோ, பெயர் சொல்லி அழைக்கவோ கூடாது. ஆள் முகம் கண்டால் குழந்தையின் அசைவு மாறிவிடும். முழு உடலும் தெரியுமாறு கால்மாட்டில் நின்று, கைப்பேசியை ஆட்டாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுத்தால் போதும். முகமும் மெய்யும் தெரியும் இப்படம் மருத்துவர் ஒருவருக்கே உரியது. உறவினர் குழுக்களுக்கு அனுப்பத் தக்கதன்று. முன்னரே மருத்துவரிடம் கேட்டு, அவர் சொற்படி எடுப்பதே நன்று.

சோதனையின் முடிவு சாதகமாக இல்லையென்றால் என்ன ஆகும் என்ற அச்சம் பல பெற்றோரை மருத்துவரிடம் செல்லாமலே தடுத்துவிடுகின்றது. மூளையில் ஏற்பட்ட ஊறு மருந்தால் நீங்காது என்பது உண்மை. ஆயினும் அதன் விளைவு கல்லில் எழுதியதன்று. குழந்தை தானே கை நீட்டிப் பொருளைப் பற்றும்படி பழக்குதல், விழித்திருக்கையில் குப்புறக் கிடத்திப் பழக்குதல், மூட்டுகள் இறுகாமல் காத்தல், இடுப்பு மூட்டு நழுவாமல் அவ்வப்போது படமெடுத்துப் பார்த்தல், விழுங்கவும் பேசவும் பயிற்றுதல் ஆகிய யாவும் எவ்வளவு விரைந்து தொடங்குகின்றனவோ அவ்வளவு பயன் தரும். இப்பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில், தாயின் மடியில் நடப்பது. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊழியர்களைக் கிராம வீடுகளுக்கே அனுப்பி, கைப்பேசிச் செயலி வழியே வல்லுநர் மேற்பார்வையையும் பெற்று இதனை நடத்தி வருகின்றது. பெருநகர மருத்துவமனை அருகில் இல்லாத இடத்திலும் இப்பணி இயலும் என்பதற்கு அது சான்று.

சட்டமும் துணை நிற்கின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ என்னும் காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவுக்கு வழி செய்கின்றது.

குழந்தைக்கு ஒன்று என்றால் தாய்மேல் பழி கூறும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. கப்பலில் வந்ததால், கிரகணத்தில் வெளியே சென்றதால் என்று காரணம் தேடுவர். அவற்றுக்கு அடிப்படை இல்லை. பழியில் செலவழியும் வாரங்கள் குழந்தையின் வாரங்கள் என்பதை வீட்டுப் பெரியோர் உணர்தல் வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் துறுதுறுவென்றே இருக்கின்றன. அவர்களின் பெற்றோர் மனநிறைவோடு உறங்கலாம். பிறப்பில் இடர் கண்ட சில குழந்தைகளின் பெற்றோர் மட்டும், இரண்டாம் மாத முடிவிலிருந்து ஐந்தாம் மாதத் தொடக்கம் வரையுள்ள அந்தச் சில வாரங்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக் கொள்ள வேண்டும். அன்று வீடு எக்கரையில் இருந்தாலும், பிறப்புக் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையை ஒரு மருத்துவர் கண்ணில் படும்படி செய்தல் வேண்டும். பயணச்சீட்டு வாங்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறித்துவிட்டால், குழந்தையின் காலம் கடலில் கரையாது.